சுவர் வாய் திறக்கும் காலம்

“வீடு விழுந்தா யாரு பதில் சொல்றதுக்கா? நீங்க வந்து—”

“நான் இன்னும் சொல்லி முடிக்கல—”

“நீங்க காலையிலேருந்து முடிக்கல, நான்தான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல—”

“குருவி, குறுக்க பேசாத!”

“குறுக்க ஒரு செவுரே நிக்குது. நான் வேற தனியா பேசணுமாக்கா?”

சுவர் நின்றது உண்மைதான். சுவருக்கு இந்தப் பக்கம் மூத்தவள், அந்தப் பக்கம் குருவி. இரண்டு பேரும் ஓரகத்திகள். அண்ணனைக் கட்டியவள் இவள், தம்பியைக் கட்டியவள் அவள். இரண்டு சமையலறைகளையும் பிரித்த அந்தச் சுவரில், தோள் உயரத்தில் தொடங்கிக் கோணலாகத் தரைவரை இறங்கிய ஒரு விரிசல் இருந்தது. அதில் ஆளுக்கொரு பக்கம் வாயை வைத்துக்கொண்டுதான் இவ்வளவு சண்டையும். ஒருத்தி பேசும்போது மற்றவள் காதை வைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அன்றைக்கு இரண்டு பேருமே வாயைத்தான் வைத்திருந்தார்கள்.

“மண்ணைச் சோதிக்கற இன்ஜினியர் வரட்டும், வேணாங்கல. கொஞ்சம் பொறுங்கன்னு உன் வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா வாயில இருக்கற முத்து கொட்டிடுமா?”

“எதுக்குப் பொறுக்கணும்?”

“இந்த ஓட்டையை அடைச்சிட்டா அப்புறம் உனக்கும் எனக்கும் என்னடி இருக்கு? அதை யோசிச்சியா?”

“யோசிக்காமலா இருப்பேன்? ஆனா இந்தச் செவுத்தோரத்துலதான் என் பொண்ணு உக்காந்து படிக்கிறா. நேத்து இத்தனூண்டு காரைத் துண்டு அவ புத்தகத்து மேல விழுந்து கெடக்கு. புள்ள பெத்தவளுக்குத்தான்க்கா அந்த பயம் தெரியும்.”

மூத்தவளுக்குக் குழந்தை இல்லை. அதை ஊரே சாடைமாடையாகச் சொல்லியிருக்கிறது. குருவி மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை.

“என்ன சொன்ன?”

“ஐயோ, நான் அந்த அர்த்தத்துல சொல்லலக்கா—”

“புள்ள மேல அவ்வளவு பயம் இருக்கறவ, அதே புள்ள தலையில கையை வச்சு என் முகத்துலயே முழிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணினியே, அப்ப எங்கடி போச்சு பயம்?”

“அவர் என் கையைப் பிடிச்சு வச்சாரு. உங்களுக்குத் தெரியாதாக்கா?”

“தெரியும். எல்லாம் தெரியும். இனிமே இங்க ஓட்டை இருக்கறதா நெனைக்காத. இந்தப் பக்கம் ஒருத்தி இருந்தா, செத்துட்டான்னு வச்சுக்கோ.”

கையில் இருந்த கரித்துணியைச் சுருட்டி விரிசலில் திணித்தாள் மூத்தவள். அடுப்பில் எதுவோ தீய்ந்து போயிருந்தது, அதுவும் அப்போதுதான் மூக்குக்கு எட்டியது.

அண்ணன் தம்பி சண்டை ஒரு ஏணியில் ஆரம்பித்தது என்றால் யாரும் நம்பமாட்டார்கள். அப்பா விட்டுப்போன மர ஏணி. கூரையில் ஒழுக்கு அடைக்க அண்ணன் கேட்டபோது தம்பி அதை எங்கோ இரவல் கொடுத்திருந்தார். வார்த்தைக்கு வார்த்தை தடித்து, கடைசியில் அப்பா செத்த அன்றைக்கு யார் பக்கத்தில் இருந்தது, யார் தூங்கிப்போனது என்பதுவரை போயிற்று. ஏணியை ரம்பத்தால் அறுத்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டார்கள். இன்றுவரை இரண்டு பேராலும் கூரையைத் தொட முடியாது.

ஏணிக்குப் பிறகு வீடு. முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருந்த வீடு அது. வாசல் ஆளுக்கொன்றாயிற்று. நடுவில் ஒரு சுவரை எழுப்பினார்கள். கோபத்தில் எழுப்புகிற சுவருக்கு ஆழமாக அஸ்திவாரம் தோண்ட யாருக்குப் பொறுமை? முழங்கால் அளவு தோண்டி, மேலே ஒற்றைச் செங்கல் வைத்து, சமையலறை வழியாகக் கொல்லை மூலைவரை ஓட்டிவிட்டார்கள்.

அந்த இடத்து மண்ணோ லேசுப்பட்ட மண் இல்லை. மழையில் குடித்துக் குடித்து உப்பும், வெயிலில் வறண்டு சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். அதன் முதுகில் நின்ற சுவர் முதல் வெயில் காலத்திலேயே வாய் திறந்தது.

மூத்தவள் அன்று உப்பு ஜாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சுவரில் ஒரு வெளிச்சக் கோடு தெரிந்தது. கோட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

“அக்கா? கிட்ட வராதீங்க. எட்டிப் பாக்காதீங்க.”

“குருவியா?”

“முகத்துல முழிக்கக் கூடாதுன்னுதானே சத்தியம்? பேசக் கூடாதுன்னு இல்லையே?”

“வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்டி நீ!”

அன்றைக்கு இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் சுவரே கொஞ்சம் அகன்றிருக்கும்.

அதிலிருந்து மூத்தவளுக்கு வருஷம் என்பது இரண்டே காலம்: சுவர் பேசும் காலம், சுவர் பேசாத காலம். மழை விட்டு வெயில் ஏற ஏற, நூல் அளவு, காசு விளிம்பு அளவு, விரல் அளவு என்று திறக்கும். மழை பிடித்ததும் வந்த வழியே மூடிக்கொள்ளும். ஊர் முழுக்க வெயிலைத் திட்டும்போது இவள் ஒருத்தி மட்டும் வானத்தைப் பார்த்து, ‘இன்னும் கொஞ்சம் காய்’ என்பாள்.

விரிசல் வழியாகப் பேச்சு மட்டும் போய்வரவில்லை. மூத்தவள் வேலை பார்த்த மண் ஆலையில் ஈரம் உறிஞ்சும் சின்னச் சின்னப் பைகள் தயாராகும். மருந்து டப்பாவிலும் செருப்புப் பெட்டியிலும் கிடக்குமே, ‘தின்னாதீர்கள்’ என்று எழுதிய பை, அதுதான். உள்ளே இருப்பது வேறொன்றுமில்லை, காய வைத்து நொறுக்கிய களிமண். ஓரம் கோணலாக ஒட்டிப்போன பைகளை வேலைக்காரர்கள் எடுத்துக்கொள்ளலாம். குருவி வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவள். ஊசி துருப்பிடிக்காமல் இருக்க அவளுடைய தகர டப்பாவுக்கு இரண்டு பை, துணி அடுக்கும் பெட்டிக்கு நாலு பை என்று சுவர் வழியாகத் தள்ளிவிடுவாள் மூத்தவள். ஈரம் குடித்துப் பைகள் கனத்ததும் குருவி திருப்பித் தள்ளுவாள். மூத்தவள் ஆலைக்குக் கொண்டுபோய் உலர்த்தி மறுபடி அனுப்புவாள். போய்வந்து போய்வந்து ஓரம் கிழிந்த பைகளைக் குருவி சிவப்பு நூலால் தைத்துவிடுவாள். அவளிடம் எப்போதும் மிஞ்சுவது சிவப்பு நூல்தான்.

இப்போது அந்த விரிசலில் கரித்துணி அடைந்து கிடந்தது.

சண்டை நடந்த மறுநாள் அந்தப் பக்கத்திலிருந்து தட்டும் சத்தம் கேட்டது. குருவி கத்தரிக்கோல் பிடியால் சுவரில் தட்டினால் ‘பேச வா’ என்று அர்த்தம். மூத்தவள் போகவில்லை. அடுத்த நாளும் தட்டினாள். மூத்தவள் பாத்திரத்தை வேண்டுமென்றே சத்தமாகக் கழுவினாள். தட்டட்டும், கை வலிக்கட்டும் என்று இருந்தாள். அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் காலையில், வீம்பெல்லாம் வடிந்து, துணியை உருவிவிட்டுக் காதை வைத்தபோது தட்டும் சத்தம் இல்லை. விரிசல் காசு விளிம்பு அளவுக்கு வந்திருந்தது.

“குருவி.”

தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கூரையில் மழை. தன் குரல் தனக்கே கேட்கவில்லை.

“குருவி, இந்தா, நான்தான்டி.”

மெஷின் நிற்கவில்லை.

அன்றைக்கு ஆலையில் அவளுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பைகளை ஒட்டும் மெஷினில் ஓரம் ஓரமாகக் கோணிக்கொண்டே போயிற்று. உலர்த்தும் உருளைக்குப் பொறுப்பாக இருந்தவளை எல்லோரும் அடுப்புக்காரி என்பார்கள். வாய் நீளம், மனசு அதைவிட நீளம். சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“என்னம்மா, இன்னிக்கு ஊருக்கே கோணல் பை? அப்படியே பூனை மண்ணு பக்கம் போயிடு. பூனைக்கு ஓரம் நேரா இருக்கா கோணலா இருக்கான்னு தெரியாது.”

ஆலையின் மறுகோடியில் பூனைகள் மலம் கழிக்கும் தட்டுகளுக்கான மண்ணை மூட்டை கட்டுவார்கள். ஈரம் பட்ட இடத்தில் கட்டியாகத் திரண்டு நாற்றத்தைப் பிடித்துக்கொள்ளும் மண் அது. அடுப்புக்காரிக்கு அதில் தீராத ஆச்சரியம்.

“மனுஷனுக்கு செத்தப்புறம்தான் மண்ணு. பூனைக்குப் பாரு, உயிரோட இருக்கும்போதே, அதுவும் சலிச்ச மண்ணு!”

மூத்தவள் சிரிக்கவில்லை.

“ஏன், ஓட்டை அடைஞ்சிடுச்சா?” அடுப்புக்காரிக்கு மட்டும் சுவர் விஷயம் தெரியும்.

“அடைஞ்சிட்டே வருது. அதுக்கு முன்னாடி நான் வாயை விட்டுட்டேன்.”

“என்ன சொன்ன?”

மூத்தவள் சொன்னாள். அடுப்புக்காரி தன் சாப்பாட்டை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

“சூடு ஜாஸ்திதான்,” என்றாள். “மண்ணை இதமா காய வச்சா, குடிச்ச ஈரத்தை விட்டுட்டு மறுபடி குடிக்கத் தயாரா நிக்கும். எத்தனை தடவை வேணா காய வைக்கலாம். அடுப்பை ஏத்திவிட்டா மட்டும் செத்துடும். அப்புறம் அண்டாத் தண்ணியில போட்டாலும் ஒரு சொட்டு உள்ள வாங்காது.”

“செத்த மண்ணை என்ன பண்ணுவீங்க?”

“செங்கல் மாதிரிதான். ரோட்டுல கொட்டி மேடு பண்ணுவோம்.” அவள் மூத்தவளின் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சேர்த்தாள்: “ஏய், மனுஷங்க மண்ணு இல்ல. சாப்பிடு.”

அன்று சாயங்காலம் மூத்தவள் ஒரு காரியம் செய்தாள். வேறு யாரும் அப்படி ஒரு பைத்தியக்காரத்தனம் செய்திருக்க மாட்டார்கள். மண் ஆலையில் வேலை பார்க்கும் ஒருத்திக்குத்தான் அது தோன்றும். ஈரம் பட்டுத்தானே விரிசல் மூடுகிறது, ஈரத்தை உறிஞ்சிவிட்டால்? கோணல் பைகளை மடி நிறைய எடுத்துவந்து, கரண்டிக் காம்பால் ஒவ்வொன்றாக விரிசலுக்குள் தள்ளினாள். மறுநாளும் தள்ளினாள்.

ஒரு டப்பாவின் காற்றைக் காய வைக்கிற பை, ஒரு மழைக்காலத்தைக் காய வைக்குமா? அவளுக்குத் தெரியாததில்லை. ஆழ்துளைக் கிணறு தோண்டுகிறவர்கள் இதே மண்ணின் பொடியை வாங்கிப்போவதே, குழாயைச் சுற்றி இறக்கித் தண்ணீர் விட்டால் ஊதிப் பருத்து ஈ நுழையாமல் அடைத்துக்கொள்ளும் என்றுதான். புதிதாக வேலைக்கு வருபவர்களிடம் அதை ஆயிரம் தரம் சொன்னவளே அவள்தான். மனசு தவிக்கும்போது படித்த பாடம் எங்கே நிற்கும்? கொல்லைச் சுவர் வழியாக வழிந்த மழைநீர் விரிசலுக்குள் இறங்கியது. பைகள் பொத்துக்கொண்டு, உப்பி, பசைபோல இறுகின. திறந்து வைக்க என்று அவள் தள்ளியதே தக்கையாகிப் போயிற்று. நூல் அளவு வெளிச்சமும் போயிற்று.

அதற்குப் பிறகு சுவரில் உள்ளங்கையை வைத்தால் மெஷினின் அதிர்வு மட்டும் தெரியும். மூத்தவள் அடுப்பில் உலை வைத்துவிட்டு, ஒரு கை சுவரில் வைத்தபடியே நிற்பாள். நீளமாக ஓடினால் பாவாடை விளிம்பு. விட்டுவிட்டு ஓடினால் கழுத்துப்பட்டை. நடுவில் நின்றால் நூல் அறுந்துவிட்டது, பல்லால் கடித்துக் கோக்கிறாள். இப்படி அந்த மழை முழுவதும் குருவி தைத்த துணியெல்லாம் அவள் கை வழியாகப் போயிற்று.

ஒருநாள் தெருவில் எதிரே ஒரு குடை வந்தது. நீலக் குடை, நடை யாருடையது என்று மூத்தவளுக்குத் தெரியாதா? எப்போதும் இவள்தான் முந்திக்கொண்டு முகத்தைத் திருப்புவாள், அவளுடைய சத்தியத்துக்குச் சேதம் வரக் கூடாதே என்று. அன்றைக்குத் திருப்ப மனசு வரவில்லை, நின்றாள். குடை கிட்ட வந்ததும் சாய்ந்து முகத்தை மறைத்தபடியே கடந்து போயிற்று. அது சத்தியத்தில் சாய்ந்ததா, கோபத்தில் சாய்ந்ததா? குடையை யார் கேட்பது?

மழை கொஞ்சம் ஓய்ந்த சமயத்தில் மண் இன்ஜினியர் வந்தாள். சின்ன வயசுப் பெண், கணுக்கால்வரை சேறு, கையில் துளைபோடும் கருவி. அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு கொல்லையில் நின்றுகொண்டு அவளை நடுவில் வைத்துப் பேசினார்கள்.

“மேடம், அந்தப் பக்கத்துக் கழிவுத் தண்ணிதான் காரணம்னு அவர்கிட்ட சொல்லுங்க.”

சுவருக்கு அப்பாலிருந்து, “மேடம், இந்தப் பக்கம் தண்ணி ஒழுங்கா ஓடுதுன்னு அவர்கிட்ட சொல்லுங்க.”

“ரெண்டு பேருக்கும் ரெண்டு பேர் பேசறதும் நல்லாவே கேக்குது,” என்றாள் இன்ஜினியர். “இந்தப் பக்கம் பாத்துட்டு அந்தப் பக்கம் போகணும்னா நான் ரெண்டு தெருவைச் சுத்த வேண்டியிருக்கு. கொல்லையில ஒரு கதவு வச்சிருக்கக் கூடாதா?”



பிறகு ஏணி கேட்டாள், கொல்லைச் சுவரின் மேல்விளிம்பைப் பார்க்க. மூத்தவளின் கணவர் பாதி ஏணியைக் கொண்டுவந்து வைத்தார். இன்ஜினியர் அதையும் பார்த்து அவரையும் பார்த்துவிட்டு, முக்காலி மேல் ஏறிக்கொண்டாள்.

மூத்தவள் தண்ணீர் சொம்போடு பக்கத்தில் நின்றாள். இன்ஜினியர் துளையிட்டு எடுத்த மண்ணை விரலில் தேய்த்துக் காட்டினாள்.

“இதோட ஒவ்வொரு துகளும் சீட்டுக்கட்டு மாதிரிம்மா. அடுக்கடுக்கா மெல்லிசுத் தாள். ஒவ்வொரு தாளுக்கும் நடுவுல தண்ணி போய் உக்காந்துக்கும், கட்டு பருத்துடும். தண்ணி போயிட்டா இளைச்சுடும். உங்க செவுரு அந்தக் கட்டு மேல நிக்குது.”

“இதுக்கு மருந்து?”

“சுண்ணாம்பு. வரிசையா துளை போட்டு சுண்ணாம்புக் கரைசலை இறக்கிட்டா தாள் எல்லாம் ஒண்ணையொண்ணு பிடிச்சுக்கும். செவுத்தோரம் ரெண்டு பக்கமும் தளம் போட்டு ஈரத்தை மாறாம வச்சுட்டோம்னா அவ்வளவுதான். மழையில உப்பாது, வெயில்ல சுருங்காது.”

“அப்ப விரிசல்?”

“இப்ப எப்படி இருக்கோ அப்படியே நின்னுடும்.”

‘இப்ப’ என்பது மூடிக் கிடக்கும் மழைக்காலம். மூத்தவள் சொம்பைக் கீழே வைத்தாள்.

இன்ஜினியர் சமையலறைக்குள் வந்து, முனை வளைந்த கம்பியை விரிசலுக்குள் விட்டு இழுத்தாள். சாம்பல் நிறத்தில் பசை பசையாக வந்தது, காகிதத் துணுக்குகளோடு.

“இது என்ன?”

“என்னடி இது?” என்றார் கணவர்.

“எலி,” என்றாள் மூத்தவள். “எலி வராம இருக்கத் திணிச்சேன்.”

இன்ஜினியர் அந்தப் பசையை விரல்களுக்கு நடுவில் உருட்டிப் பார்த்தாள். அது என்ன மண் என்று அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? கம்பியை இன்னும் ஆழமாக விட்டாள். சுவரின் நடுவையும் தாண்டி அந்தப் பக்கத்திலிருந்து சில பைகள் பொத்துப் போகாமல் முழுசாக வந்தன. உப்பிக்கொண்டு, தலையணைக் குட்டிகள் மாதிரி. ஓரத்தில் சிவப்பு நூல் தையல்.

மூத்தவள் அவற்றைப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டாள்.

“அந்தப் பக்கமும் எலி இருக்கும்போல,” என்றாள் இன்ஜினியர்.

அவள் இரண்டு தெருவைச் சுற்றி அந்தப் பக்கம் போய், மறுபடி சுற்றி இந்தப் பக்கம் வந்து சேரும்வரை மூத்தவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கணவர் முன்னால் நகர்ந்ததும் மெல்லக் கேட்டாள்.

“அவங்க என்னம்மா சொன்னாங்க? எலின்னாங்களா?”

“இல்ல. கரப்பான்பூச்சின்னாங்க.”

மூத்தவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணில் நீரும் வந்தது. “எப்படி இருக்காங்க?”

“யாரு?”

“கரப்பான்பூச்சி சொன்னவங்க.”

“இருக்காங்க. கொஞ்சம் இருமிட்டே இருந்தாங்க.” இன்ஜினியர் தயங்கினாள். “ஏதாவது சொல்லணுமாம்மா?”

சொல்ல வேண்டியது நாக்கு நுனிவரை வந்தது. ‘செத்துட்டேன்னு வச்சுக்கோன்னு சொன்னேன், அது பொய்யின்னு சொல்லுங்க’ என்று முன்பின் தெரியாத பெண்ணிடம் எப்படிச் சொல்லி அனுப்புவது? அதற்குள் கணவர், “மேடம், இங்க வாங்க,” என்று கூப்பிட்டுவிட்டார்.

சுண்ணாம்பு இறங்கியது. தளம் போட்டாயிற்று. கடைசி நாளில் இன்ஜினியர் விரிசலுக்குக் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டைப் பசை போட்டு ஒட்டினாள்.

“அடுத்த வெயில் காலம் முடியற வரைக்கும் இது இருக்கட்டும். செவுரு அசைஞ்சா கண்ணாடி பட்டுனு உடைஞ்சுடும். உடையலன்னா மண்ணு அடங்கிடுச்சுன்னு அர்த்தம். அப்புறம் பூசிக்கலாம்.”

“உடைஞ்சா?”

“உடையாதும்மா,” என்றாள் அவள், நல்ல செய்தி சொல்பவளின் சிரிப்போடு.

அடுப்புக்காரியிடம்தான் மூத்தவள் புலம்பினாள்.

“அவ அந்தப் பைகளை எதுக்கு வச்சிருப்பா? தெறந்து வைக்கவா, அடைச்சு வைக்கவா?”

“நீ எதுக்கு வச்ச?”

“தெறந்து வைக்க.”

“அப்ப அவளும் அதுக்குத்தான்.”

“நான் சொன்னதைக் காதால கேட்டவ அவ. என்னை யாராவது அப்படிச் சொல்லியிருந்தா நான் அடைக்கத்தான் அடைச்சிருப்பேன்.”

“போய்க் கேளேன்டி அவகிட்டயே! கால் இல்லையா உனக்கு?”

“அவ புள்ள தலையில சத்தியம். நான் போய் முன்னாடி நின்னு, நாளைக்குக் குழந்தைக்கு ஒரு ஜலதோஷம் வந்தாக்கூட அது என்னாலதான்னு அவ நெனைப்பா. நெனைக்க வேணாம்னாலும் நெனைப்பு வருமே.”

அடுப்புக்காரி எழுந்து உருளைப் பக்கம் போனாள்.

வெயில் வந்தது. மூத்தவள் தினமும் எழுந்ததும் கண்ணாடியைப் பார்த்தாள். ஊரில் வெட்டவெளியெல்லாம் பாளம் பாளமாக வெடித்தது. பக்கத்து வீட்டில் கதவு சட்டத்தை விட்டு விலகித் தொங்கியது. அப்படி ஒரு வெயில். இவள் வீட்டுச் சுவர் மட்டும் நல்ல பிள்ளை மாதிரி நின்றது. ஒருமுறை, தன்னையும் மீறி, கண்ணாடியின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினாள். அழுத்திவிட்டுப் பயந்து கையை எடுத்தாள். உடைத்துவிட்டால் உடைந்தது ஆகுமா? அதோடு சுவர் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு குழந்தை படிக்கிறது. உடையாமல் இருப்பதுதான் நல்லது. நல்லது எது என்று தெரிந்தாலும் ஆசை அதன் பாட்டுக்கு நின்றுகொண்டுதானே இருக்கிறது?

வெயில் தணிந்த ஒரு நாள் கணவர் கண்ணாடியைத் தட்டிப் பார்த்து, “பாத்தியா, கீறல்கூட இல்ல,” என்றார். குரலில் அப்படி ஒரு மகிழ்ச்சி. “நாளைக்குக் கொத்தனார் வர்றார். ரெண்டு பக்கமும் ஒரே நாள்ல பூசிடலாம்னு அவன் சொன்னான்.”

“எவன்?”

“தம்பிதான். கொல்லையில நின்னு கத்திக் கேட்டான். சரின்னேன். மணல் அவன் பக்கம் கொட்டறான், சிமெண்ட் நம்ம பக்கம்.” அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். “செவுரு விஷயத்துல மட்டும் அவனுக்குக் கொஞ்சம் புத்தி இருக்கு.”

இத்தனை வருஷத்தில் அண்ணனும் தம்பியும் தங்களுக்குள் பேசி ஒத்துப்போன ஒரே காரியம் அதுதான்.

கணவர் சிமெண்ட் வாங்கப் போய்விட்டார். மத்தியான வெளிச்சம் சமையலறை ஜன்னலில் இருந்து சுவர்மீது விழுந்தது. கண்ணாடித் துண்டு பளபளத்தது. அதற்குக் கீழே, இன்ஜினியர் கம்பி விட்டுத் தோண்டிய இடத்தில், நூலைக் கோக்கலாம் என்னும்படி ஓர் இடைவெளி எஞ்சியிருந்தது. மூத்தவள் தரையில் உட்கார்ந்து அதில் காதை வைத்தாள்.

மெஷின் ஓடியது. நீளமான தையல். நடுவில் ஒரு இருமல். மறுபடி தையல்.

கரண்டிக் காம்பால் சுவரில் தட்டினாள்.

மெஷின் ஓடியது.

இன்னும் பலமாகத் தட்டினாள்.

மெஷின் நின்றது. நூல் அறுந்து நிற்கும் நிறுத்தம் இல்லை. அது அவள் கைக்குத் தெரியும். காலை மிதியிலிருந்து எடுத்துவிட்டு நிறுத்தும் நிறுத்தம்.

மூத்தவள் உதட்டை இடைவெளியில் பொருத்தினாள். சுண்ணாம்பு வாசனை நாக்கில் பட்டது.

“குருவி. நான் சாகலடி.”

அந்தப் பக்கம் துணி உரசும் சத்தம் கேட்டதா, இல்லை இவள் காதே செய்ததா என்று தெரியவில்லை.

“வாயில வந்ததைக் கொட்டிட்டேன். மறுநாள் நீ தட்டினது கேட்டுச்சு. அடுத்த நாளும் கேட்டுச்சு. கேட்டுக்கிட்டேதான் பாத்திரம் கழுவினேன்.” மூச்சு வாங்கியது. “உன் பையெல்லாம் என்கிட்டதான் இருக்கு. காய வச்சுட்டேன். ஒரு நூல்கூட விட்டுப்போகல. நல்ல தையல்டி.”

இருமல் இல்லை, மெஷின் இல்லை. தெருவில் எங்கோ ஒரு சைக்கிள் மணி அடித்து ஓய்ந்தது.

அப்போதுதான் அவளுக்கு அது தோன்றியது. இத்தனை வெயில், இத்தனை மழை கடந்தும் வக்கீலுக்குப் படிக்காத இரண்டு பேரில் ஒருத்திக்கும் தோன்றாமல் போனது. அவள் எழுந்து நின்றாள், மறுபடி குனிந்தாள், இரண்டு கையையும் வாயைச் சுற்றிக் குவித்துக்கொண்டாள்.

“இந்தா, முகத்துல முழிக்கக் கூடாதுன்னுதானே சத்தியம்? வாசல் கதவைத் தெறந்துட்டு கண்ணை இறுக்க மூடிக்கிட்டு நில்லுடி, நான் தெருவைச் சுத்திக்கிட்டு வந்து கையைப் பிடிச்சுக்கறேன்.”